மினி கணினிக்கு விலை குறைந்த மானிட்டர் எது? அதில் நிறத்தை எப்படிச் சரிசெய்வது?

கேட்டிருப்பவர் ரங்கூனில் ஒரு மினி கணினியை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீசு எல்லாம் வடிவமைக்கிறார். திரையில் பளிச்சென்று இருக்கும் குங்குமச் சிவப்பு அச்சில் அரக்காகி விடுகிறதாம். நானும் இதே ஊரில் இதே வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

24 அங்குலம், 1920 x 1080 புள்ளிகள், ஐபிஎஸ் பேனல் (எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை). உங்கள் வேலைக்கு இது போதும். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் 27 அங்குலம் கிடைக்கும் என்று கடையில் சொல்வார்கள். அதே 1080 என்றால் வாங்காதீர்கள். 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் இருக்கும். 27இல் அது 82ஆகக் குறைந்துவிடும். நம் எழுத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் ‘இங்ஙனம்’ என்று போட்டுப் பாருங்கள், அந்த இரண்டு ங-வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். 27தான் வேண்டுமென்றால் 2560 x 1440 வாங்குங்கள், ஆனால் விலை ஏறும்.

ஐபிஎஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு அளவாக, விவரத்தாளில் எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்றோ என்டிஎஸ்சி 72 சதவீதம் என்றோ இருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். என்டிஎஸ்சி 45 சதவீதம் என்றிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அந்தத் திரையால் நல்ல சிவப்பைக் காட்டவே முடியாது, பிறகு எப்படிச் சரிசெய்தாலும் வராது. டிஎன் என்று இன்னொரு பேனல் வகை உண்டு, அதில் ஒரே மஞ்சள் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி தெரியும். நிற வேலைக்கு அது ஆகாது.

கணினியை மானிட்டரின் முதுகில் மாட்டுவதாக இருந்தால் வெசா துளைகளைப் (பின்பக்கம் திருகி மாட்டுவதற்கான துளைகள்) பாருங்கள். சில மாடல்களில் ஸ்டாண்டே அந்தத் துளைகளில்தான் உட்காரும், அப்போது கணினிக்கு இடம் இருக்காது. கரண்ட் போய்ப் போய் வருவதால் இன்னொன்றும் முக்கியம்: மின் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குமா என்று பாருங்கள். இந்த அளவு திரை சுமார் 20 வாட்தான் இழுக்கும், மினி கணினியும் அதிகம் கேட்காது. சின்ன இன்வெர்ட்டரே இரண்டையும் தாங்கும்.

சரி, நிறத்துக்கு வருவோம். உங்கள் சிவப்பு அரக்காவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான். கடையிலிருந்து வரும்போது மானிட்டர் முழு வெளிச்சத்தில் இருக்கும், 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) சர்வசாதாரணம். அச்சு வேலைக்கு 80 முதல் 120 போதும். அவ்வளவு பிரகாசத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தாளில் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும். திரையை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பிடியுங்கள். திரை தாளைவிட விளக்குப் போல ஒளிராமல், இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். நம் ஊர் நீளவாக்கு வீடுகளில் முன்பக்கம் மட்டும்தான் வெயில் வரும், அதுவும் மணிக்கு மணி மாறும். மேசையை உள்ளே தள்ளிப் போட்டு, ஒரே டியூப் லைட்டில் வேலை செய்யுங்கள்.

அப்புறம் மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ, நீல ஒளி வடிகட்டி மூன்றையும் அணைத்துவிடுங்கள். நிற வெப்பநிலை (வெள்ளை மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா சாய்கிறது என்பதன் அளவு) 6500 கெல்வின். எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதையே வையுங்கள். சில மானிட்டர்களில் அந்த மோடு பிரைட்னஸைப் பூட்டிவிடும், அப்படியானால் யூசர் மோடு. கறுப்பு சாம்பல் பூத்தாற்போல் இருந்தால், எச்டிஎம்ஐ வழியாகக் கணினி மானிட்டரை டிவி என்று நினைத்து 0 முதல் 255 வரையுள்ள வெளிச்ச அளவில் 16 முதல் 235 வரை மட்டுமே அனுப்புகிறது என்று சந்தேகப்படுங்கள். மினி கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். கிராபிக்ஸ் அமைப்பில் ஃபுல் ரேஞ்ச் என்று மாற்றினால் கறுப்பு கறுப்பாகிவிடும்.

இவ்வளவையும் மானிட்டர் பொத்தானிலேயே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மானிட்டரில் வைத்த அளவு கரண்ட் போனாலும் அதற்குள்ளேயே இருக்கும். விண்டோஸிலேயே இருக்கும் கேலிபிரேஷன் கருவியில் செய்யும் நிறத் திருத்தத்தை ஒவ்வொரு தடவை கணினி எழும்போதும் புதிதாக ஏற்ற வேண்டும். ஒரு நாள் அது ஏறாமல் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அதில் காமாவை (இடைப்பட்ட சாயல்களின் வெளிச்சம்) மட்டும், கடைசியாக, லேசாகத் தொடுங்கள்.

திரையில் வைத்து நிறத்தை அளக்கும் ஸ்பைடர் மாதிரிக் கருவி தனியாளுக்குச் செலவுதான். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் எல்லார் திரையையும் அளக்கலாம். அந்தக் கருவியோடு சேர்த்து ஓட்டும் டிஸ்ப்ளேகேல் என்ற மென்பொருள் இலவசம்.

ஒன்று மட்டும் மானிட்டர் கையில் இல்லை. திரையில் 255, 0, 0 என்று (சிவப்பு முழுதாக, பச்சையும் நீலமும் 0) வரும் அந்தச் சிவப்பு நான்கு வண்ண அச்சில் கிடையாது. கோப்பை சிஎம்ஒய்கேயில் (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கணக்கு) வைத்து, குங்குமத்துக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100 கொடுங்கள். நீலமும் கறுப்பும் 0. அதை ஒரு தாளில் அச்சகத்தில் அடித்து வாங்கி வைத்துக்கொண்டால், வாடிக்கையாளரிடம் திரையைக் காட்டாமல் அந்தத் தாளையே காட்டி ஒப்புதல் வாங்கலாம்.