ஸ்ரீசக்கரத்தின் முன் கண் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: மூன்று அங்குலச் செம்புத் தகட்டில் பொறித்த ஸ்ரீசக்கரத்தின் முன் விளக்கேற்றி, தினமும் அரை மணி நேரம் நடுப்புள்ளியை இமைக்காமல் பார்க்கிறேன். சில நிமிடங்களில் வெளிக்கோடுகள் மறைகின்றன, உள்கோடுகள் துடிக்கின்றன. கண்ணை மூடினால் சக்கரம் ஒளியாகத் தெரிகிறது. அனுபூதி கிடைக்கப் போகிறது என்கிறாள் தோழி. ஆனால் ஒரு மாதமாக, பார்த்து முடித்து எழுந்ததும் தலை வலிக்கிறது. தீட்சை வாங்காமல் செய்வதுதான் காரணமா?
– ஒரு வாசகி

பதில்: தலைவலிக்குத் தீட்சை காரணமில்லை, பயப்படாதீர்கள். பளபளக்கும் செம்பு, எதிரே விளக்கு, இமைக்காத அரை மணி நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் தலை வலிக்கும். இன்றைக்கே நிறுத்திவிட்டு ஒரு வாரம் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். அதற்குப் பிறகும் வலி நீடித்தால் கண் மருத்துவரைப் பாருங்கள். கண் அழுத்த நோய், வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியில் இறங்கவே கூடாது. நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகளே சிலருக்கு வலியையும் வலிப்பையும் தூண்டிவிடும்.

கோடுகள் மறைவது கண்ணின் இயல்பு. ஒரே புள்ளியில் பார்வையை நிறுத்தினால் ஓரத்தில் அசையாமல் இருப்பவை மங்கிப் போகும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே இதை எழுதிவைத்தார். துடிப்பது போலத் தெரிவதற்குக் காரணம், நாம் அறியாமலே கண் செய்யும் நுண்ணிய அசைவுகள். மூடிய கண்ணில் தெரியும் ஒளி, விழித்திரை சோர்ந்ததன் பின்பிம்பம். சுவரில் கறுப்புப் பொட்டு வைத்துப் பார்த்தாலும் இதெல்லாம் வரும். தோழியின் அன்பு புரிகிறது. ஆனால் இதை அனுபூதி என்று எண்ணினால் அது வரும்வரை கண்ணை வருத்தத் தோன்றும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

இமைக்காமல் பார்ப்பது திராடகம். ஹட யோகப் பிரதீபிகை அதை ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்றாகச் சொல்கிறது: கண்ணீர் வரும்வரை ஒரு நுண்ணிய பொருளைப் பார்ப்பது. அதற்கு ஒரு புள்ளி போதும். ஸ்ரீசக்கரத்துக்கு ஒன்பது ஆவரணங்கள், அதாவது ஒன்றுக்குள் ஒன்றான சுற்றுகள், இருக்கின்றன. இந்த ஒன்பதுக்கும் செய்யும் நவாவரண பூஜையும் வெளிச் சதுரத்தில் தொடங்கிப் படிப்படியாக உள்ளே போய்த்தான் நடுப்புள்ளியான பிந்துவில் முடிகிறது. எடுத்த எடுப்பில் பிந்துவில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் வேலையில்லை, மனசுக்கும் வேலையில்லை.

முதலில் உங்கள் தகட்டைப் பரிசோதியுங்கள். கீழ்நோக்கிய முக்கோணங்கள் ஐந்து, மேல்நோக்கியவை நான்கு. இவை பின்னும்போது சிறு முக்கோணங்கள் 43 கிடைக்கும்: வெளியிலிருந்து 14, 10, 10, 8, நடுவில் 1. லென்ஸ் வைத்து மூன்று கோடுகள் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். மர்மம் என்ற பெயருள்ள அந்த இடங்களில் மூன்றும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். பிசகினால் அங்கே கடுகளவில் ஒரு பொய் முக்கோணம் முளைத்திருக்கும். சின்னத் தகடுகளில் இது சகஜம். பழைய வரைமுறை ஒன்றில் வட்டத்தின் விட்டத்தை 48 பாகமாக்கி, 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்ற இடைவெளியில் ஒன்பது படுக்கைக் கோடுகள் போடுவார்கள். மூன்று அங்குலத் தகட்டில் முக்கோணங்கள் அமையும் வட்டம் நாலு செ.மீ. என்று வைத்தால், நடுவிலுள்ள மூன்று பாகம் வெறும் இரண்டரை மில்லிமீட்டர். உளி அங்கே தடுமாறத்தான் செய்யும்.

எனவே தகடு பூஜையிலேயே இருக்கட்டும். தியானத்துக்குப் பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில், குறைந்தது 20 செ.மீ. அகலத்தில், கறுப்புக் கோட்டில் அச்சான படம் போதும். நடு முக்கோணத்தின் முனை கீழே பார்க்கும்படி, பிந்து கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக, இரண்டு அல்லது இரண்டரை அடி தள்ளி மாட்டுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ முதுகுப் பக்கத்திலிருந்தோ வரட்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

முதல் வாரம் பூபுரம் என்னும் வெளிச் சதுரம் மட்டும். உங்கள் பக்கத்து வாசலில் தொடங்கி, மூன்று கோட்டுச் சதுரத்தை நாலு வாசல் வழியாகக் கண்ணால் மெல்ல வலம் வாருங்கள், ஐந்து மூச்சு. தாராளமாக இமையுங்கள். அடுத்த வாரம் பதினாறு இதழ், பிறகு எட்டு இதழ் என்று வாரத்துக்கு ஓர் ஆவரணம் கூட்டுங்கள். பலரும் தடுமாறுவது நான்காவதில். பதினான்கு கோணங்களும் இதழ்களைப் போலத் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கண் வழுக்கி உள்வரிசைப் பத்துக்குள் விழுந்துவிடும். முனையிலிருந்து முனைக்குப் போங்கள், அடிக்கோட்டைத் தொடாதீர்கள். எண்ணிக்கை தவறினால் பூபுரத்துக்கு ஓட வேண்டாம். அந்த ஆவரணத்தை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும். அந்தத் தவறு நிகழும் கணத்தைக் கவனியுங்கள். மனசு எங்கே போயிருந்தது என்று அப்போதுதான் பிடிபடும். இந்தப் பயிற்சியின் பலனே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒன்பதும் கூடியபின், ஆவரணத்துக்கு ஐந்து மூச்சு என்றால் 45 மூச்சு. நிதானமாக விட்டால் ஏழெட்டு நிமிடம். பிந்துவில் ஒரு நிமிடம், கண்ணை மூடி மூன்று நிமிடம். மூடிய கண்ணில் பின்பிம்பத்தைத் துரத்த வேண்டாம். அது கலைந்தபின் நினைவிலிருந்து பூபுரத்தை எழுப்பிப் பாருங்கள். வந்த அளவு போதும். எழுவதற்கு முன் பிந்துவிலிருந்து வெளியே ஒரு தடவை விறுவிறுவென்று வந்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வரிசை மனசில் பதிய ஓர் அழகான வழி உண்டு. திருவாரூர் கமலாம்பாள் மீது முத்துஸ்வாமி தீட்சிதர் பாடிய நவாவரணக் கீர்த்தனைகள் ஆவரணத்துக்கு ஒன்றாக அமைந்தவை; முதலாவது ஆனந்தபைரவி, ஒன்பதாவது ஆஹிரி. முதல் எட்டும் எட்டு வேற்றுமைகளில் வரிசையாக வரும். எந்த ஆவரணத்தில் இருக்கிறீர்களோ அந்த வாரம் அதற்குரிய கீர்த்தனையைக் கேளுங்கள்.

தீட்சை பற்றி: பஞ்சதசி, சோடசி மந்திரங்களுக்கும் முறையான நவாவரண பூஜைக்கும் குருவின் உபதேசம் வேண்டும், புத்தகத்தைப் பார்த்து அவற்றைத் தொடங்காதீர்கள். சக்கரத்தைக் கண்ணால் வலம் வரவும், அதன் முன் அமர்ந்து லலிதா சகஸ்ரநாமம் சொல்லவும் அன்பும் ஒழுங்கும் போதும் என்பது என் கருத்து. பின்னாளில் உங்களுக்குக் குரு அமைந்து, அவர் வேறு வரிசை சொன்னால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.