சிப் வைத்தவன் பதில்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு, 1998 முதல் 2004 வரை பிளேஸ்டேஷன் கேம் மெஷினில் நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் வைத்துப் பிழைத்தவன் நான். இப்போது ரிமோட்டும் மிக்ஸியும் பழுதுபார்க்கிறேன். போன இதழில் போகிற போக்கில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். இந்த மாதம் வந்த தபாலில் பாதி கேம் டிஸ்க் பற்றித்தான்.

ஐயா, பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்குமே, பூட்டு அந்தக் கறுப்பில்தான் என்கிறார் அப்பா. உண்மையா? ஒரு பிட் விடாமல் நகல் எடுத்தாலும் ஏன் ஓடாது?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கறுப்பு வெறும் அலங்காரம். அந்த மெஷினில் இருப்பது அகச்சிவப்பு லேசர். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக், அதற்குக் கண்ணாடி மாதிரி.

பூட்டு இருந்தது டிஸ்க்கின் உள்வட்டத்தில், தடம் தொடங்கும் இடத்தில். அந்தத் தடத்தைத் தொழிற்சாலையில் அச்சடிக்கும்போதே இடமும் வலமுமாக லேசாக நெளியவிட்டார்கள். லேசர் தடம் தப்பாமல் இருக்க ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டே ஓடும். அந்தத் திருத்தத்தை வைத்தே மெஷின் நெளிவைப் படித்துவிடும். நெளிவில் இருந்தது நான்கே நான்கு எழுத்து. ஜப்பான் டிஸ்க்கில் எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. கள்ள டிஸ்க்கைத் தடுக்கவும் வெளிநாட்டு டிஸ்க்கைத் தடுக்கவும் ஒரே பூட்டு!

கம்ப்யூட்டரில் இருக்கும் சிடி டிரைவுக்கு இந்த நெளிவு ஒரு தகவலே அல்ல. அது பாட்டுக்குச் சமாளித்து ஓடிவிடும், நகலிலும் வராது. சரி, நெளிவையும் சேர்த்து எழுதலாமே என்றால், முடியாது. பள்ளிக்கூட நான்கு கோடு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாம், கோட்டை வளைக்க முடியுமா? வெற்று சிடியும் தடம் போட்டேதான் கடைக்கு வருகிறது.

அதனால்தான் நாங்கள் டிஸ்க்கைத் தொடவே இல்லை. எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சிப், நாலைந்து ஒயர். மெஷின் நெளிவைத் தேடும் நேரத்தில் சிப் அந்த நான்கு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். மெஷினும் நம்பிவிடும். தலைமுடி அளவு ஒயர், கீழே நெருக்கமான கால்கள். ஒருநாள் கரண்ட் போய் வந்த அவசரத்தில் இரண்டு கால்களைச் சேர்த்து ஈயம் வைத்துவிட்டேன். போர்டு போயிற்று. பையன் அழுதுகொண்டே நின்றான். என்னிடம் இருந்த மெஷினைக் கழற்றிக் கொடுத்து அனுப்பினேன். அந்த மாதம் முழுக்க எனக்கு நஷ்டம்தான்.

சிப் வாங்கக் காசு இல்லாதவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். மூடிக்குள் இருக்கும் பொத்தானில் தீக்குச்சியைச் செருகினால், மூடி சாத்தியிருக்கிறது என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். ஒரிஜினலைச் சுற்றவிட்டு, சோதனை முடிந்த கணத்தில் அதை உருவிவிட்டு நகலைப் போட வேண்டும். சுற்றுகிற டிஸ்க்கில் விரலைத் தேய்த்துக்கொண்டு வராத பையன் அப்போது கிடையாது.

சிப் ஓயாமல் பேசுவதைக் கேம்களே பின்னாளில் கண்டுபிடித்தன. உடனே ஒரு தடவை பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் சிப் வந்தது. 2000-இல் வந்த ஸ்பைரோ கேமின் மூன்றாம் பாகம் செய்த வேலைதான் எனக்கு இன்னும் பிடித்தது. நகலை அது உடனே நிறுத்தாது. ஒரு தேவதை வந்து, இது திருத்தப்பட்ட பிரதி போலிருக்கிறது என்று சொல்லும். அப்புறம் நீங்கள் சேர்த்த முட்டைகள் காணாமல் போகும், கடைசிச் சண்டையில் உங்களைத் தூக்கி ஆரம்பத்தில் போட்டு, சேமித்ததையும் அழித்துவிடும். உடைப்பவர்களுக்கு அதை முழுதாக உடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புது கேம் நன்றாக விற்பதே முதல் சில மாதங்கள்தான், அதனால் இரண்டு மாதம் பெரிய லாபம். ஒரு வாடிக்கையாளர் மட்டும், சிப் கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நின்டென்டோ கேம்கியூப் டிஸ்க் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பது நிஜமா?
— வாசகர், காரைக்குடி

கட்டுக்கதை. எல்லா டிஸ்க் போலத்தான் அதுவும் சுற்றும். அளவு மட்டும் சின்னது: 8 செ.மீ., கொள்ளளவு சுமார் 1.5 ஜிபி. உள்வளையத்தை ஒட்டி லேசரால் கீறிய பட்டைக்கோடு ஒன்று இருக்கும், அது ரைட்டரில் வராது. அங்கேயும் உடைந்தது டிஸ்க் அல்ல. இணையத்தில் ஆடும் ஒரு கேம், நெட்வொர்க் வழியாகப் புதுப்பிப்பு வாங்கிக்கொள்ளும். அந்த ஓட்டை வழியாக, பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருந்தே மற்ற கேம்களை ஓட்டினார்கள்.

திருட்டு டிஸ்க்கால்தான் சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் மெஷின் செத்தது என்கிறார்களே?
— ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

பாதி உண்மைகூட இல்லை. ஆனால் கதை சுவாரசியமானது.

சேகா, யமஹாவோடு சேர்ந்து ஜிடி-ராம் என்று தனி டிஸ்க்கே செய்தது. சாதாரண சிடி 700 எம்பி, இது ஏறக்குறைய 1 ஜிபி. சாதாரண டிரைவ் இதைப் படிக்காது. கேட்க நல்ல பூட்டுதான். ஆனால் அதே மெஷினில் மில்-சிடி என்று ஒரு வசதியும் வைத்தார்கள். பாட்டு சிடியில் கொஞ்சம் படம், மெனு எல்லாம் போட்டு ஓட்டலாம். அந்த வகையில் வெளிவந்த சிடிக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டு, பாட்டு கேட்பதற்காகக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை! 2000-இல் அந்த வழியாக நுழைந்தார்கள். சிப்பும் வேண்டாம், சால்டரிங்கும் வேண்டாம், வெற்று சிடி போதும். 1 ஜிபி கேமை 700 எம்பிக்குள் அடக்க, வீடியோவை வெட்டினார்கள், பாட்டின் தரத்தைக் குறைத்தார்கள்.

என் தொழிலுக்கே அது அடிதான், சிப் தேவைப்படாத மெஷினில் எனக்கு என்ன வேலை? ஆனால் 2001 மார்ச்சில் சேகா ட்ரீம்காஸ்ட்டை நிறுத்தியதற்குக் காரணம் வேறு. முந்தைய மெஷின்களில் பட்ட நஷ்டம், அதோடு எதிரில் டிவிடி ஓடும் பிளேஸ்டேஷன் 2. சினிமாவும் பார்க்கலாம், கேமும் ஆடலாம் என்றால் எந்த வீட்டில் வேறு மெஷின் வாங்குவார்கள்?

எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஊரெல்லாம் நகல் டிஸ்க் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 3-க்கு நான்கு வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன்?
— கேம் சென்டர் நடத்தியவர், சேலம்

மைக்ரோசாஃப்டின் 360 வந்தது 2005 நவம்பரில், அதில் இருந்தது பழைய டிவிடி. சோனியின் பிளேஸ்டேஷன் 3 ஒரு வருஷம் தாமதமாக, 50 ஜிபி வரை கொள்ளும் புளூரே டிஸ்க்கோடு வந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 13 என்ற கேம் புளூரேயில் ஒரு டிஸ்க், 360-இல் மூன்று டிஸ்க். நீங்களே மாற்றி மாற்றிப் போட்டிருப்பீர்கள்.

360-இன் மெயின் போர்டு நல்ல கெட்டி. ஆனால் "இது ஒரிஜினலா?" என்று அது கேட்பது டிஸ்க் டிரைவை. டிரைவ் "ஆமாம்" என்றால் ஆமாம்தான். சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டால் நீதிபதி என்ன செய்வார்? 2006-இலேயே டிரைவின் மென்பொருளை மாற்றி, நகலுக்கும் "ஆமாம்" சொல்ல வைத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் திருப்பி அடித்தது டிஸ்க்கில் அல்ல, இணையத்தில். 2009 நவம்பரில், புது கால் ஆஃப் டூட்டி கேம் வந்த அதே சமயத்தில், லட்சக்கணக்கான மெஷின்களை ஆன்லைனில் இருந்து தள்ளிவைத்தது. உங்கள் சென்டருக்கும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கும்.

பிளேஸ்டேஷன் 3 வேறு மாதிரி. புளூரே டிஸ்க்கில் அச்சடிக்கும் இடத்திலேயே ஒரு முத்திரை பதியும், வீட்டு ரைட்டருக்கு அது வராது. தவிர, ஓடும் ஒவ்வொரு நிரலிலும் சோனியின் மின்கையொப்பம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு என்பது என் கணிப்பு. அந்த மெஷினில் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளம் போட்டுக்கொள்ள சோனியே அனுமதித்திருந்தது. கை அரிக்கிற கெட்டிக்காரர்களுக்கு விளையாட இடம் இருந்தது, பூட்டில் கைவைக்க அவசரப்படவில்லை. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரு புதுப்பிப்பில் அந்த வசதியைப் பிடுங்கினார்கள். அதே டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஒரு குழு மேடையேறி, மொத்தப் பூட்டையும் பிரித்துக் காட்டியது.

ஓட்டை எங்கே தெரியுமா? ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். சோனி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்திருந்தது. அந்த எண் ஒன்று, ரகசியச் சாவி ஒன்று, ஆக இரண்டு தெரியாத எண்கள். கையொப்பங்களும் இரண்டு கையில் இருந்தால் இரண்டு சமன்பாடு. ஒன்பதாம் வகுப்பில் எக்ஸும் ஒய்யும் கண்டுபிடித்தோமே, அதே கணக்குதான். லேசரில் எவ்வளவு செலவு செய்திருப்பார்கள், கடைசியில் இதில் போய்...

நின்டென்டோ ஸ்விட்ச் மெஷினின் கேம் கார்டு கசக்குமாமே?
— பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

கசக்கும். குழந்தைகள் விழுங்காமல் இருக்க டெனாட்டோனியம் பென்சோயேட் பூசியிருக்கிறார்கள். நக்கிப் பார்த்தேன். நீ பார்க்காதே.

மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். டிஸ்க் உள்ளதா, இல்லாததா? அடுத்து வரும் மெஷினில் டிஸ்க்கே இருக்காது என்கிறான். சொந்தமாக வாங்கியதைத் திருட்டு என்று பூட்டிவிடுவார்களா என்றும் பயமாக இருக்கிறது.
— ஓர் அப்பா, நாமக்கல்

டிஸ்க் உள்ளதையே வாங்குங்கள். அதில் பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கும் ஓடும், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், ஆடி முடித்ததை விற்றும் விடலாம். டிஸ்க் இல்லாத மெஷினில் சோனி சொன்ன விலைதான் விலை.

உங்கள் பயத்திலும் காரணம் இருக்கிறது. 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' மெஷினை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் ஆஜராகாவிட்டால் டிஸ்க் கேம்கூட ஓடாது என்றார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்க்கைக் கொடுப்பார், அவ்வளவுதான், "கேமைப் பகிர்வது இப்படித்தான்" என்று சோனி ஒரு குறும்படமே எடுத்துக் கிண்டலடித்தது. ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

கிண்டல் செய்த சோனி இப்போது என்ன செய்கிறது? 2023 இறுதியில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் டிஸ்க் டிரைவ் தனியாகக் கழன்று வரும். முதல் முறை பொருத்தும்போது இணையம் வழியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். 2024 நவம்பரில் வந்த புரோ மாடலில் டிரைவே இல்லை, வேண்டுமானால் தனியாகக் காசு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட வாயே கிடையாது. இந்தப் போக்கை வைத்துச் சொல்கிறேன்: அடுத்த தலைமுறையில் டிஸ்க் இருந்தாலும், தோசைக்கு எக்ஸ்ட்ரா சட்னி மாதிரி தனி பில்லில்தான் வரும்.

திருட்டைத் தடுக்க இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிஸ்க்கின் முத்திரையை நேராக உடைத்தவர்கள் அபூர்வம், நாங்கள் எல்லாம் பக்கத்துச் சுவரில் ஏறிக் குதித்தவர்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டால் நின்றுபோவது என்னவென்றால் இரவல், மறுவிற்பனை, அண்ணன் ஆடியதைத் தம்பி ஆடுவது. நின்டென்டோவின் வீ யூ மெஷினின் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். அதற்கப்புறம் புதிதாக வாங்க நினைத்தவருக்கு மிச்சம் டிஸ்க் மட்டும்தான்.

ஸ்விட்ச் 2 செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?
— தம்பதி, மலேசியா

இணையத்தில் சேர்த்துக் காட்டச் சொல்லி, நின்டென்டோவின் இணையக் கடை திறக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். நகல் ஓட்டும் கார்டு போட்ட மெஷினை நின்டென்டோ இணையத்தில் இருந்து விலக்கிவிடுகிறது, கை மாறினாலும் விலக்கு அப்படியே இருக்கும். ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாளச் சான்று உண்டு என்பதால், யாரோ நகலெடுத்துவிட்டு விற்ற கார்டும் உங்களுக்கு வம்பு. இன்னொன்று: கேம்-கீ கார்டு என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே கேம் கிடையாது, சாவி மட்டும்தான். கேமை இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சாவியை விற்கலாம், அந்த மட்டில் பரவாயில்லை.

என்னிடம் உள்ள பழைய மெஷினுக்கு இன்று சிப் வைத்துத் தருவீர்களா?
— பெயர் வேண்டாம் என்றவர், சென்னை

மாட்டேன். 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. தவிர என் கண்ணாடி இப்போது பிளஸ் இரண்டரை.

என் பிளேஸ்டேஷன் 1 நேராக வைத்தால் ஓடவில்லை, தலைகீழாகக் கவிழ்த்தால் ஓடுகிறது. பேய் பிடித்திருக்கிறதா?
— வாசகர், வேலூர்

ஆரம்ப கால மாடலாக இருக்கும். லேசர் ஏறி ஓடும் தண்டவாளம் பிளாஸ்டிக், பக்கத்திலேயே பவர் சப்ளை சூடு. தேய்ந்து தேய்ந்து லேசர் சாய்ந்துவிட்டது. கவிழ்த்தால் எடை மறுபக்கம் விழுந்து தற்செயலாக நேராகிறது. லேசர் யூனிட்டையே மாற்றினால் சரியாகும். அதுவரை கவிழ்ந்தே ஓடட்டும், மூடி திறந்துகொள்ளாமல் மட்டும் இரண்டு பக்கமும் புத்தகம் வையுங்கள்.