மேனேஜ்டு சுவிட்ச்: கேட்டதும் சொன்னதும்

ஜவுளிக் கடை கணக்கர்: அண்ணா, கணினிகளை கேபிளில் இணைக்கும் சாதா சுவிட்சை விட, உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சின் விலை ரொம்ப அதிகமாக இருக்கிறதே, எங்களுக்குத் தேவையா?

நாலு கணினி, ஒரு பிரிண்டர்தான் என்றால் சாதாவே போதும். கேமரா, பில்லிங், வாடிக்கையாளர் வைஃபை எல்லாம் ஒரே சுவிட்சில் ஓடினால் மேனேஜ்டு வாங்குங்கள். ஏதாவது நின்றுபோனால் எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்தக் காசு அதற்குத்தான்.

கேமரா பொருத்துபவர்: விலான் அமைக்கும்போது டேக்டு, அன்டேக்டு இரண்டும் குழப்புகிறது சார்.

விலான் என்பது ஒரே சுவிட்சைத் தனித்தனி சுவிட்சுகள் போலப் பிரிப்பது. கேமராவுக்கு விலான் எண் 10, பில்லிங்குக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவிட்சுக்கு நடுவே ஒரே கேபிளில் இரண்டும் போக வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வொரு பிரேமிலும் (தரவுத் துண்டிலும்) எந்த விலான் என்று சொல்லும் 4 பைட் டேக் ஏறும். அந்த கேபிள் டேக்டு. கேமராவும் கணினியும் பொதுவாக டேக் இல்லாமல்தான் பேசும், அவை அன்டேக்டு.

பலர் மாட்டிக்கொள்வது பிவிஐடியில், அதாவது டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலானில் சேர்ப்பது என்று சொல்லும் எண்ணில். போர்ட்டை 20-இல் அன்டேக்டு ஆக்கிவிட்டு, பிவிஐடியை 1 என்றே விட்டுவிடுவார்கள். அப்போது 20-இல் இருப்பது கணினிக்கு வரும், கணினி அனுப்புவதோ 1-க்குள் போய்விடும். சில சுவிட்சுகளில் இதைத் தனிப் பக்கத்தில் மாற்ற வேண்டும்.

பள்ளி கணினி ஆசிரியை: திடீரென்று லேப் முழுக்க நெட்வொர்க் நின்றுவிடுகிறது, சுவிட்ச் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வேகமாக மினுக்குகின்றன.

அது லூப்பாக இருக்கும், மேடம். நான் போன ஒரு லேபிலும் இதே கதைதான். பெருக்கும்போது கழன்ற கேபிளை யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருந்தார்கள். இரண்டு முனையும் ஒரே சுவிட்சில்! ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஓர் ஆயுள் உண்டு. ஈதர்நெட் பிரேமுக்கு அது கிடையாது. ஒரு பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் பிரேம்) உள்ளே நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதைத் தடுப்பதுதான் ஸ்பானிங் ட்ரீ. ரேடியா பெர்ல்மன் 1985-இல் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) என்ற கணினி நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியது. இரண்டு பாதை இருந்தால் ஒன்றை அடைத்து வைக்கும், முதலாவது அறுந்தால் திறக்கும். தயவுசெய்து அதை அணைத்து வைக்காதீர்கள்.

அதே ஆசிரியை: ஸ்பானிங் ட்ரீயைப் போட்டேன், இப்போது கணினிகளுக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைக்கத் தாமதமாகிறது.

பழைய முறையில் போர்ட் திறக்க 15 + 15 விநாடி ஆகும். ஆர்எஸ்டிபிக்கு (வேகமான ஸ்பானிங் ட்ரீக்கு) மாற்றி, கணினி இருக்கும் போர்ட்களை எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்) ஆக்குங்கள். கூடவே பிபிடியு கார்டு (BPDU guard, ஸ்பானிங் ட்ரீ செய்தி உள்ளே வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போட்டால், அங்கே யாராவது லூப் போட்டாலும் அந்த போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும்.

கேமரா பொருத்துபவர்: ராத்திரியில் மட்டும் சில கேமரா அணைந்து அணைந்து வருகிறது.

இருட்டியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும். சாதா பிஓஇ போர்ட் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் போர்ட்) 15.4 வாட் கொடுக்கும், கேபிளில் இழப்பு போக கேமராவுக்குச் சேருவது 12.95. ஆனால் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து சுவிட்சுக்கு ஒரு மொத்த வாட் கணக்கு உண்டு, அதைத் தாண்டினால் சில போர்ட் அணையும். ராத்திரி எட்டு மணிக்கு பிஓஇ பக்கத்தைத் திறந்து பாருங்கள், எந்த போர்ட் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும்.