பிரசவ வலியில் குழந்தையின் இதயத் துடிப்பு 90-க்கு இறங்கினால் சிசேரியன் அவசியமா?

"140-லிருந்து 90-க்கு இறங்கி இறங்கி ஏறியது, ஆக்ஸிஜன் குறையுதுன்னு கத்தி வெச்சுட்டாங்க. பெங்களூரு ஆஸ்பத்திரின்னா பணம் பிடுங்கத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் 90-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. வலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை இறுகி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். துடிப்பு வலியோடு மெல்ல இறங்கி, வலி விடும்போதே மெல்ல ஏறினால், பெரும்பாலும் தலை அழுந்துவதுதான், பயமில்லை. கிணற்றில் வாளி விழுவதுபோல் சட்டென்று விழுந்து சட்டென்று ஏறினால் தொப்புள்கொடி நசுங்குகிறது. தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பல நேரம் சரியாகும். வலி உச்சத்தைத் தாண்டிய பிறகு மெல்ல இறங்கி, வலி விட்ட பின்னும் ஏறத் தாமதித்தால்தான் கவலை. ஆக்ஸிஜன் குறைவதை உணர்ந்து, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும் அடையாளம் அது.

அதைவிட முக்கியம், துடிப்பைப் பதியும் மெஷின் இரண்டு வலிக்கு நடுவே வரையும் கோடு. 110-லிருந்து 160-க்குள் நின்று, 5 முதல் 25 துடிப்பு வரை ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் நெளிய வேண்டும். குழந்தை தூங்கினாலும் கொஞ்ச நேரம் நெளிவு குறையும். ஆனால் 130-ல் இருந்தது இறக்கங்களுக்கு நடுவே 155-க்கு ஏறினால், எண் 'நார்மல்' என்று விட்டுவிடக் கூடாது. அட்ரினலின் சுரந்து குழந்தை சமாளிக்கப் பார்க்கிறது. பிறகு நெளிவும் போய்க் கோடு தட்டையானால் தாங்கும் சக்தி தீர்கிறது என்று அர்த்தம்.

கத்திக்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. 10 நிமிஷத்துக்கு 5 வலிக்கு மேல் வந்தால் முதலில், வலியைத் தூண்ட ஏற்றும் ஆக்ஸிடோசின் மருந்து டிரிப்பை நிறுத்த வேண்டும். தாயின் நாடியைத் தனியாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சில சமயம் மெஷின் காட்டும் 90 அம்மாவுடையது! குழந்தையின் துடிப்பு ஏறாமலே சில நிமிஷம் கீழேயே நின்றால் மட்டும் யோசிக்க நேரமில்லை.

டாக்டருக்கு வக்காலத்து என்பீர்கள். இல்லை. இந்த மெஷின் வீணாகப் பயமுறுத்துவதும் நிறைய. வெளியே வந்ததும் குழந்தை வீறிட்டு அழுதது என்பதற்காக சிசேரியன் முடிவு மோசடி ஆகிவிடாது. என் ஆதங்கம் வேறு: கணவனை வாசலில் நிறுத்தி, அவனுக்குப் புரியாத மொழியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்களே, அது அநியாயம். கேஸ் ஷீட்டோடு அந்த மெஷின் துடிப்பையும் வலியையும் வரைந்த தாளின், அதாவது சி.டி.ஜி. பட்டையின், நகலையும் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி. தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மையை (பி.எச்.) பார்த்திருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.