கிராண்ட் கேன்யன் பயணத்துக்கு 2,400 டாலர் கடன் வேண்டாம்

கேள்வி: அரிசோனாவில் சாண்ட்லரில் வசிக்கிறோம். மகள் ஆகஸ்டில் நாலாம் வகுப்புக்குப் போகிறாள். மகனுக்கு 7 வயது. அக்டோபர் விடுமுறையில் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போக ஆசை. 'கல்விச் சுற்றுலா' என்று ஒரு டூர் நிறுவனம் நாலு பேருக்கும் சேர்த்து 2,400 டாலர் கேட்கிறது. கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 3,100 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். பிள்ளைகள் படிப்புக்குத்தானே, இதையும் கார்டில் போடலாமா?

பதில்: கட்டாயம் போய் வாருங்கள், ஆனால் கார்டில் போடாதீர்கள். இப்போதுள்ள பாக்கிக்கே மாதம் 62 டாலர் வட்டி போகிறது. இந்த 2,400 சேர்ந்தால் மாதாமாதம் இன்னும் 48.

பிள்ளைகள் கற்க வேண்டியது அங்கே பெரும்பாலும் இலவசம். மகள் நாலாம் வகுப்பு என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ் உண்டு. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும். சொந்தக் காரில் போனால் நுழைவுக் கட்டணம் 35 டாலர் மிச்சம். திட்டத்தின் இணையதளத்தில் வவுச்சரை எடுத்து, காகிதத்தில் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

சவுத் ரிம், அதாவது பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்குப் போய்ச் சேர்ந்ததும் வரவேற்பு மையத்தில் 'ஜூனியர் ரேஞ்சர்' கையேடு கேட்டு வாங்குங்கள். அதற்கும் காசில்லை. பயிற்சிகளை முடித்துக் காட்டினால், ரேஞ்சர் உறுதிமொழி எடுக்கவைத்து பேட்ஜ் கொடுப்பார். அப்புறம் யவபாய் புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து 'டிரெயில் ஆஃப் டைம்' பாதையில் நடங்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னால் போனதாகக் கணக்கு. அந்தந்தக் காலத்துப் பாறைகளை வழியோரம் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். நாம் நிற்கும் விளிம்பின் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி வயது. அடியில் கொலராடோ ஆற்றோரம் தெரியும் விஷ்ணு பாறைக்கு 170 கோடி வயது. நம் விஷ்ணுவின் பெயர்தான். அங்கே 'விஷ்ணு டெம்பிள்' என்று ஒரு சிகரமே இருக்கிறது. 7 வயதுப் பையனுக்குக் கோடி என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்தப் பேக்கேஜும் புரியவைக்காது.

சரி, செலவுக்கு வருவோம். உண்மையான செலவு தங்குவதற்குத்தான். பூங்காவுக்குள் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரத் தொலைவில் வில்லியம்ஸ் ஊரில் பாருங்கள். என் கணக்கு: இரண்டு இரவுக்கு 340, பெட்ரோல் 80, சாப்பாடு 120, கைச்செலவு 60. மொத்தம் 600. புளியோதரையும் தயிர்சாதமும் ஐஸ்பெட்டியில் வந்தால் சாப்பாட்டுச் செலவு இன்னும் குறையும். ஸ்வெட்டரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சவுத் ரிம் சுமார் 2,100 மீட்டர் உயரம், அக்டோபர் இரவு நன்றாகவே குளிரும். பூங்காவுக்குள் சுற்ற இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். விளம்பரத்தில் வரும் கண்ணாடிப் பாலம், ஸ்கைவாக், இந்தப் பூங்காவுக்குள் இல்லை. அது ஹுவலபாய் பழங்குடியினரின் நிலத்தில், சவுத் ரிமிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்கும் மேல். டிக்கெட் தனி, உங்கள் பாஸ் அங்கே செல்லாது. இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 150 டாலர் தனிக் கணக்கில் போடுங்கள், 600 சேர்ந்துவிடும். கார்டுக்கு இப்போது கட்டும் தொகையைக் குறைக்காதீர்கள். ஊர் திரும்பியதும் அந்த 150-ஐயும் கார்டு பாக்கிக்கே திருப்பிவிடுங்கள்.