குடல் சுவர் தடித்திருக்கிறது என்றால் புற்றுநோய்தானா?

கேள்வி: எனக்கு வயது 38. ஒன்றரை மாதமாக வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி, சாப்பிட்ட பிறகு அதிகமாகிறது. நாலு கிலோ எடையும் குறைந்திருக்கிறேன். சி.டி. ஸ்கேன் எடுத்ததில், சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடல் தொடங்கும் இடத்திலும் சுவர் 7 மி.மீ. தடித்திருக்கிறது, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது, கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து பார்க்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். போனில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. அந்தப் பரிசோதனை கட்டாயமா, மாத்திரையிலேயே சரியாகாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் போனை ஓரமாக வையுங்கள். குடல் சுவர் தடிப்பு என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது. கால் வீங்கியிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான். சுளுக்கினாலும் கால் வீங்கும், யானைக்கால் வந்தாலும் வீங்கும்.

நன்றாக விரிந்திருக்கும்போது குடல் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்கும். பெருங்குடல் சுருங்கிக் கிடந்தால் 5 வரை காட்டும். முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டால் துணி கொசகொசவென்று சேர்ந்து தடியாகத் தெரியும் இல்லையா, அதே கதை. ஸ்கேனுக்கு முன்னால் லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்வதே குடலை விரிக்கத்தான். சரியாகக் குடிக்காதவர்களுக்கு இல்லாத தடிப்பு இருப்பதாகத் தெரிவது உண்டு. ஆனால் உங்களுக்கு 7 மி.மீ., கூடவே நெறி, எடை குறைவு. இதை அப்படித் தள்ளிவிட முடியாது.

சரி, புற்றுநோயா? குடலில் சின்ன தூரத்துக்கு மட்டும், ஒரு பக்கமாகப் புடைத்து, கரடுமுரடாகத் தடித்திருந்தால் அந்தச் சந்தேகம் கூடும். நீளமாக, சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்றோ அழற்சியோதான், விதிவிலக்குகள் உண்டு என்றாலும். உங்கள் ரிப்போர்ட்டில் எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள்.

அதைவிட முக்கியம் இடம். சிறுகுடல் போய்ப் பெருங்குடலோடு சேரும் முனை என்றால் நம் ஊரில் எந்த டாக்டருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். இருமல் இல்லையே, நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்பீர்கள். அதெல்லாம் இல்லாமலேயே குடலில் காசநோய் வரும். அடுத்த சந்தேகம் கிரோன் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும் நீண்டகால அழற்சி. டைபாய்டு, கெட்டுப்போன சாப்பாடு மாதிரியானவையும் அந்த இடத்தைத் தடிக்க வைக்கும்தான், ஆனால் அவை இப்படி ஒன்றரை மாதம் இழுப்பது அபூர்வம்.

வம்பு எங்கே என்றால், காசநோயும் கிரோனும் ஸ்கேனில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிரோன் என்று நினைத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருப்பது காசநோய் என்றால் அது தீயாகப் பரவும். கிரோனுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்தால் மாதங்கள் வீணாகும், குடல் சுருங்கிக்கொண்டே போகும். அதனால்தான் "மாத்திரை போட்டுப் பார்க்கலாமே" என்பதற்கு என் பதில்: வேண்டாம். கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. மயக்கம் கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். முதல் நாள் பேதி மருந்து குடித்துவிட்டு, வெளியே போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக வரும்வரை கழிப்பறைக்கு நடக்கிறீர்களே, அதுதான் நிஜமான கஷ்டம். ஏற்கெனவே வாந்தி, வயிற்று உப்பல் இருந்தால் அந்த மருந்தைக் குடிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், குடல் அடைத்திருந்தால் ஆபத்து.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. எடுத்த துணுக்கை வழக்கமாகப் பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவ பாட்டிலில் போடுவார்கள். பார்மலினில் காசநோய்க் கிருமி செத்துவிடும், அதைக் கல்ச்சரில் வளர்த்துப் பார்க்க முடியாது. ஒன்றிரண்டு துணுக்கைத் தனியாகச் சலைன் பாட்டிலில் எடுத்து கல்ச்சருக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் கேளுங்கள்.

சில சமயம் துணுக்கும் தெளிவாக எதையும் சொல்லாது. அப்போது காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்த்து, புண் ஆறியிருக்கிறதா என்று முடிவு செய்வார்கள். அது நீங்கள் கேட்ட மாத்திரை வைத்தியம் மாதிரியே தோன்றும். ஆனால் இங்கே ஒப்பிட முதலில் பார்த்த படமும் துணுக்கும் கையில் இருக்கும். காசநோய்தான் என்றால் வழக்கமாக ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அதுவரை மூட்டுவலி, தலைவலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அவற்றில் பலவும் குடலைப் புண்ணாக்கும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியாமல் நின்றாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போகாமல் ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கொண்டுபோங்கள். அந்த 7 மி.மீ. நிஜத் தடிப்பா, சுருங்கிய குடலா என்று அவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.