ஏசி பேருந்துக்கு மூன்று மாத முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நான் கூடுவாஞ்சேரியில் வசிக்கிறேன். தரமணியில் உள்ள என் அலுவலகத்துக்குக் கிண்டி வரை மின்சார ரயிலிலும், அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் சென்று வருகிறேன். சீசன் டிக்கெட்டுக்கு மாதம் 250 ரூபாய், ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பகுதியிலிருந்து நேராகத் தரமணிக்குச் செல்லும் தனியார் ஏசி பேருந்தில் மாதம் 3,200 ரூபாய். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 9,000 ரூபாய். தினமும் 40 நிமிடம் மிச்சமாகும் என்கிறார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம் செல்கிறேன். விரைவில் ஐந்து நாளாகலாம். மாறுவது சரியா? (வாசகி, கூடுவாஞ்சேரி)

பதில்: உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் விடை இருக்கிறது. மாதம் 13 நாள் அலுவலகம் சென்றால் இப்போதைய செலவு 1,030 ரூபாய். பேருந்துக்கு நீங்கள் கூடுதலாகத் தரப்போவது 2,170 ரூபாய். அதற்கு ஈடாகக் கிடைப்பது எட்டு மணி நாற்பது நிமிடம் என்பதால், மிச்சமாகும் ஒரு மணி நேரத்தின் விலை 250 ரூபாய் ஆகிறது. அதே கணக்கை 22 நாளுக்குப் போட்டால், கூடுதல் செலவு 1,630 ரூபாயாகவும், ஒரு மணி நேரத்தின் விலை ஏறத்தாழ 110 ரூபாயாகவும் இறங்கிவிடும். நெரிசலில் நின்றுகொண்டு வராமல் உட்கார்ந்து வருவதற்கும் சேர்த்து 110 ரூபாய் என்றால் நான் குறை சொல்லமாட்டேன். 250 ரூபாய் அதிகம்.

உங்கள் செலவில் ரயிலின் பங்கு மிகச் சிறியது, பெரும்பங்கு ஷேர் ஆட்டோவுக்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிண்டியிலிருந்து வாரத்தில் ஓரிரு நாள் அதில் சென்றாலும் ஆட்டோச் செலவு குறையும். உடல் அசதியான நாள்களில், 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் தொடங்கிய ஏசி மின்சார ரயிலில் தனி டிக்கெட் எடுத்துச் செல்லலாம், நேரம் ஒத்துவந்தால்.

நாற்பது நிமிடம் என்பது பேருந்து நடத்துபவரின் கணக்கு. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும், வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கும் தண்ணீரும் அந்தக் கணக்கில் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே எப்போது மாறினாலும் முதலில் ஒரு மாதம் மட்டும் பணம் கட்டி, ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் நீங்களே குறித்துப் பாருங்கள்.

மூன்று மாத முன்பணத்தை நான் பரிந்துரைக்கவில்லை. அதில் கிடைக்கும் தள்ளுபடி 600 ரூபாய், அதாவது ஆறேகால் சதவீதம். ரயில்வேயோ மூன்று மாத சீசனை மாத சீசனைப்போல் 2.7 மடங்குக்குத் தருகிறது. அது பத்து சதவீதத் தள்ளுபடி, ரயிலும் பாதியில் நின்றுபோகாது. பேருந்து நடத்துபவர் இரண்டாம் மாதத் தொடக்கத்திலேயே ஆள் சேரவில்லை என்று வண்டியை நிறுத்தினால், மீதி 6,000 ரூபாயைத் திரும்பப் பெற உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப் செய்தி மட்டுமே.

அந்தப் பேருந்துக்கு எந்த வகைப் பெர்மிட் இருக்கிறது, ஒப்பந்த ஊர்தி பெர்மிட்டா என்றும் கேளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒப்பந்த ஊர்தி என்பது மொத்த வண்டியையும் ஒருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டுவிப்பது. ஆளாளுக்குத் தனிக் கட்டணம் வாங்கி வழியில் ஏற்றி இறக்கினால் அது வேறு வகை, வேறு பெர்மிட். விபத்து நேர்ந்தால், பெர்மிட் மீறலைக் காட்டி வழக்காடக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

இதனால்தான் உங்கள் அலுவலகமே அந்தப் பேருந்தை ஒப்பந்தம் செய்வதை நான் விரும்புகிறேன். அதே வழியில் வரும் சக ஊழியர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் மனிதவளத் துறையிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகன வசதியின் மதிப்பு உங்கள் வரிக்குரிய வருமானத்தில் சேராது. அதே தொகையைப் பயணப்படியாகச் சம்பளத்தில் கொடுத்தால் வரி உண்டு. பயணப்படிக்கு முன்பு இருந்த 1,600 ரூபாய் மாத வரிவிலக்கு 2018-19 நிதியாண்டிலேயே சம்பளக்காரர்களுக்கான பொது நிலைக்கழிவோடு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கலந்துவிட்டது. அலுவலகம் சம்மதிக்காவிட்டால், ஐந்து நாள் வேலை உறுதியாகும் வரை ரயிலிலேயே தொடருங்கள்; உறுதியானபின் மாதாமாதம் கட்டிப் பேருந்தில் செல்லுங்கள், 250 ரூபாய் சீசனை மழைக்காலம் முடியும்வரை கைவிடாதீர்கள்.